பாதியில் நிற்கும் விமானங்கள்: எதை முதலில் முடிப்பது?

செந்தூலிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் நான்கு வான்போர் மினியேச்சர் (மேசையில் வைத்து ஆடும் சிறு விமான மாடல்) திட்டங்கள் பாதியில் கிடக்கின்றன. 1/144 அளவில் (நிஜ விமானத்தின் நீளத்தில் 144இல் ஒரு பங்கு) மலாயா 1941, அதே அளவில் முதல் உலகப் போரின் இரட்டை இறக்கை விமானங்கள், 1/300 அளவில் பிரிட்டன் 1940, கொரியப் போர் ஜெட்கள். எல்லாம் சேர்த்தால் தொண்ணூறு விமானம் இருக்கும். ஸ்பிட்ஃபயர் இருபது முடிந்துவிட்டது, எதிரே நிற்க வேண்டிய ஜெர்மன் விமானங்களின் உறையையே பிரிக்கவில்லை. மலாயாவுக்கு பிரிட்டிஷ் தரப்பின் பஃபலோ எட்டு தயார், எதிரே வரவேண்டிய ஜப்பானிய ஹயபூசா ஒன்றுகூட இல்லை. கொரியாவுக்கான அமெரிக்க சேபர் ஆறும் சோவியத் மிக் ஆறும் ஒட்டியதோடு நிற்கின்றன. இதுவரை ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. எதிலிருந்து தொடங்குவது? புதிதாக வாங்குவதை அடியோடு நிறுத்திவிட வேண்டுமா?"

நீங்கள் விமானங்களை எண்ணியிருக்கிறீர்கள். சண்டைகளை எண்ணிப் பாருங்கள். இருபது ஸ்பிட்ஃபயர் முடிந்திருக்கலாம், ஆனால் எதிரி இல்லாததால் ஆட்டக் கணக்கில் அது பூஜ்யம். இனி ஒரு "சண்டை" என்பதையே அலகாக வையுங்கள்: இரண்டு பக்கமும், ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு விமானம், எட்டு ஸ்டாண்ட் (விமானத்தைத் தாங்கி நிற்கும் கால்). இந்த எட்டும் மேசைக்கு வர இன்னும் எவ்வளவு வேலை பாக்கி என்பதுதான் வரிசையை முடிவு செய்ய வேண்டும். எதன் மீது ஆசை அதிகம் என்பது அப்புறம்.

அப்படிப் பார்த்தால் முதலில் கொரியா. நீங்கள் எதிர்பார்த்த பதில் மலாயாவாக இருக்கலாம், இருந்தாலும் காரணம் எளிது. சேபரும் மிக்-15உம் பெரும்பாலும் பெயிண்ட் அடிக்காத உலோகப் பளபளப்பிலேயே பறந்தவை. கறுப்பு பிரைமர் (அடிப்பூச்சு), மேலே வெள்ளி, மூக்கில் காற்று உள்ளே போகும் வாயைக் கறுப்பாக்குவது, டீக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படம்), அவ்வளவுதான். இரண்டு வார இறுதிகளில் நாலுக்கு நாலு தயாராகிவிடும். சண்டையும் சுவையானது. மிக் விமானத்தில் ஒரு 37 மி.மீ., இரண்டு 23 மி.மீ. பீரங்கிகள், பட்டால் ஆள் காலி, ஆனால் சுடும் வேகம் குறைவு. சேபரில் 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கிகள் ஆறு. குண்டு சிறியது, மழையாகப் பொழியும். மேலேறுவதில் மிக் கெட்டி. புதிதாக ஆடுபவருக்கு உயர விதிகள் பிடிபட இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

மலாயாவுக்கு வருவோம். இது உங்கள் முக்கியத் திட்டமாக இருக்கட்டும். ஆனால் "மலாயா 1941" என்று ஒரு பெட்டியின் மேல் எழுதி வைத்தால் அது ஒருநாளும் முடியாது. அதற்குள் பிரிட்டிஷ் தரப்பின் ஹட்சன், பிளென்ஹெய்ம், ஜப்பானின் கி-21, கி-27, கடற்படைக் குண்டுவீச்சு விமானங்கள் எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரே ஒரு நாளை எடுங்கள். 1941 டிசம்பர் 22. சுங்கை பீசி விமானத் தளத்திலிருந்து பறந்த ஆஸ்திரேலியாவின் 453ஆவது அணியின் பஃபலோக்களும் ஜப்பானிய 64ஆவது சென்தாயின் (விமானப் படைப்பிரிவு) ஹயபூசாக்களும் இதே கோலாலம்பூர் வானில் மோதிய நாள். தேவை இரண்டே வகை விமானம். அதில் ஒரு வகை உங்களிடம் ஏற்கெனவே தயார்.

பஃபலோ கனமான விமானம். ஏறவும் திரும்பவும் சோம்பல், பாய்ந்து இறங்கும்போது மட்டும் அதன் எடை கைகொடுக்கும். ஹயபூசா இலேசானது, சுழன்று வந்து வாலைப் பிடித்துவிடும், ஆனால் அதில் இரண்டு துப்பாக்கிகள்தான். பஃபலோ பக்கம் உட்காருபவர் ஒரு தடவை பாய்ந்து சுட்டுவிட்டு ஓடக் கற்றுக்கொள்ளாவிட்டால் ஆறாவது சுற்றில் மேசை காலியாகிவிடும். எண்ணிக்கையில் ஹயபூசாக்களைக் கொஞ்சம் கூடுதலாக வைத்தால் இன்னும் பொருத்தம்.

இது முடிந்த பிறகு ஒரே ஒரு பிளென்ஹெய்மை ஒட்டுங்கள். 1941 டிசம்பர் 9 அன்று பட்டர்வொர்த் தளத்திலிருந்து தாக்குதலுக்குக் கிளம்பவிருந்த விமானங்கள் குண்டுவீச்சில் சிக்க, ஏற்கெனவே மேலேறிவிட்ட பிரிட்டிஷ் விமானி ஆர்தர் ஸ்கார்ஃப் மட்டும் தனியாகப் போய், ஜப்பானியர் பிடித்திருந்த தாய்லாந்தின் சிங்கோராவைத் தாக்கினார். படுகாயத்தோடு அலோர் ஸ்டார் வரை வந்து விமானத்தை இறக்கிவிட்டு இறந்தார். பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் அவருக்கு 1946இல் அறிவிக்கப்பட்டது. ஒரு குண்டுவீச்சு விமானம், துரத்தும் சில ஜப்பானியப் போர் விமானங்கள், மேசையின் மறுமுனையைத் தொட்டால் வெற்றி. ஒரு மாடலுக்கு ஒரு முழு ஆட்டம் கிடைக்கிறது. அவர் ஓட்டியது குட்டை மூக்குள்ள முதல் வகை பிளென்ஹெய்ம். உங்கள் பெட்டியில் இருப்பது நீள மூக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மூழ்கிய டிசம்பர் 10ஐச் செய்ய எல்லோருக்கும் ஆசை. என்னைக் கேட்டால் வேண்டாம். குண்டுவீச்சு விமானங்களைக் கும்பலாகச் செய்ய வேண்டும், கப்பல் வேறு, எதிர்க்கப் போர் விமானமே இல்லை. 453ஆவது அணி போய்ச் சேர்ந்தபோது கப்பல்கள் போய்விட்டிருந்தன. அது வான்சண்டை ஆட்டம் ஆகாது.

வேலை முறைக்கு ஒரு வார்த்தை. ஒரு தொகுதிக்கு நான்கு விமானம், அதிகம் போனால் ஆறு. ஒவ்வொன்றையும் ஒரு சாத்தே குச்சியில் புளூடாக் (பிரித்தெடுக்கக்கூடிய ஒட்டுப் பசை) வைத்து ஒட்டி, பழைய மைலோ டின்னில் அரிசி போட்டுக் குத்தி நிறுத்துங்கள். அடிப்பக்கத்தை முதலில் முடியுங்கள், பிறகு மேல்பக்கம். பஃபலோவின் மண்நிறமும் கரும்பச்சையும் டப்பாவில் இருப்பதைவிட ஒரு படி வெளிர்வாக இருக்கட்டும். சின்ன அளவில் சரியான நிறம் கறுத்துத்தான் தெரியும். 64ஆவது சென்தாயின் அடையாளம் வாலில் சாய்ந்த அம்புக்குறி. அதைக் கையால் வரையப் பார்க்காதீர்கள், டீக்கால் வாங்கிவிடுங்கள்.

நம்ம ஊர் காற்றின் ஈரம்தான் நிறைய பேருடைய திட்டத்தை நிறுத்தி வைப்பது. ஸ்பிரே டப்பாவின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படியும். மேட் வார்னிஷ் பால் போல வெளுப்பது இதனால்தான். காலை வெயில் ஏறிய பிறகு, பகல் 11 மணியிலிருந்து மழை மேகம் கூடும்வரை மட்டும் கொண்டோ பால்கனியில் அடியுங்கள். விடியற்காலையிலும் மழை விட்ட சாயங்காலத்திலும் தொடாதீர்கள். கோலாலம்பூரில் ஏப்ரலும் நவம்பரும் மழை அதிகம். அந்த மாதங்களை ஒட்டுவதற்கும் தூரிகை வேலைக்கும் வைத்துக்கொண்டு, ஸ்பிரே வேலையை ஜூன், ஜூலைக்குத் தள்ளலாம். காத்திருக்க முடியாதென்றால் தூரிகையால் பூசும் அக்ரிலிக் பிரைமருக்கு மாறிவிடுங்கள். பழைய டீக்காலில் தேவையில்லாத ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நொறுங்கினால் தாள் முழுக்கப் பளபள வார்னிஷ் ஒரு கை பூசி, காய்ந்த பின் பயன்படுத்துங்கள்.

ஸ்டாண்டுக்குக் காந்தம் வைப்பதாக இருந்தால் எல்லா விமானத்திலும் ஒரே முனை கீழே பார்க்க வேண்டும். ஒட்டும் முன்பே ஒரு பக்கத்தில் மார்க்கர் புள்ளி வையுங்கள். ஒன்று தலைகீழாகப் போனாலும் அந்த விமானம் ஸ்டாண்டில் உட்காராமல் துள்ளி விழும்.

பிரிட்டன் 1940க்கு ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் நான்கு மட்டும் செய்யுங்கள். ஸ்பிட்ஃபயர் இருப்பதால் அது மூன்றாவது சண்டையாக வந்துவிடும். ஹைங்கல் குண்டுவீச்சு விமானங்கள் உறையிலேயே இருக்கட்டும். இரட்டை இறக்கை விமானங்களின் தாங்குகட்டைகளும் கம்பிகளும் பொறுமையைச் சோதிக்கும் வேலை. மேற்சொன்ன மூன்றும் மேசைக்கு வந்த பிறகும் அந்தப் பெட்டியைத் திறக்க மனம் வரவில்லையென்றால், ஆசைப்படும் நண்பருக்கு வாங்கிய விலையில் பாதிக்குத் தள்ளிவிடலாம்.

வாங்குவதை நிறுத்தச் சொல்லமாட்டேன், யாரும் கேட்கவும் மாட்டார்கள். தொடங்கிய சண்டை முடியக் குறையாக இருப்பதை மட்டும் வாங்குங்கள்: ஸ்டாண்ட், காந்தம், அந்த அம்புக்குறி டீக்கால். அத்தோடு எதிரே ஆடப்போகும் நண்பரிடம் இப்போதே ஒரு பொது விடுமுறை நாளைக் கேட்டு வாங்கிவிடுங்கள். மிக்குகளுக்கு வெள்ளி அடித்து முடிக்க அதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது.