‘ஏனுங்க’ என்பதைக் கொரிய மொழியில் எப்படிச் சொல்வது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஜப்பானிய மொழி, கொரிய மொழி இரண்டையும் கற்க ஆசை. சேர்த்தே தொடங்கலாமா? தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலம் சுமார்தான். அது தடையாகுமா?
– ஒரு வாசகி, பல்லடம்

பதில்: அம்மணி, ஆங்கிலம் சுமார் என்பது தடையே இல்லை. நானும் திருப்பூரில் சாம்பிள் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே ஜப்பானிய மொழி படித்தவள்தான். ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் யோசித்து, பிறகு தலைகீழாகப் புரட்டி, எட்டு மாதம் திணறினேன். பிறகுதான் தமிழிலேயே யோசித்துப் பார்த்தேன். ‘நேற்று சந்தையில் வாங்கிய தக்காளி’ என்பதற்கு ‘கினோ இச்சிபா தெ கத்த தொமதொ’. கினோ நேற்று, இச்சிபா சந்தை, தெ என்பது நம் ‘இல்’, கத்த வாங்கிய. எதையும் புரட்ட வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று கேளுங்கள். புதுப் பலகாரத்தை நீட்டி, ‘சாப்பிட்டுப் பார்’ என்கிறோம். கண்ணால் பார்ப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஜப்பானியரும் அதே பொருளில் ‘தபெதெ மிரு’ என்கிறார்கள். மிரு என்றால் பார். கொரியர் ‘மொகொ பொதா’ என்கிறார்கள். பொதா என்றாலும் பார். ‘வாங்கி வை’ என்பதில் வரும் ‘வை’க்கும் இரண்டிலும் இணை உண்டு. ஆங்கிலப் புத்தகங்கள் பாடம் பாடமாக விளக்கும் இந்த இலக்கணம் உங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது.

நம் கொங்குப் பேச்சு இன்னும் நெருக்கம். சிறியவரிடம் ‘ஏன்?’, பெரியவரிடம் ‘ஏனுங்க?’. கொரிய மொழியில் ‘வே?’, ‘வேயோ?’. நாம் வாக்கியக் கடைசியில் ‘ங்க’ சேர்ப்பதுபோல அவர்கள் ‘யோ’ சேர்க்கிறார்கள். ‘வந்தேனுங்க’ என்பது ‘வஸ்ஸொயோ’. எங்கே மரியாதை வைக்க வேண்டும் என்று உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இதற்காக உறவு மொழிகள் என்று முடிவு கட்ட வேண்டாம். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நமக்குப் படிக்கக் கைகொடுக்கிறது, அது போதும்.

ஆனால் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். இங்கே அச்சுக்காக அப்படித் தந்திருக்கிறேன். ஜப்பானியத்தில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் சொல் வேறு; முதலெழுத்து ஒன்றில் வல்லோசை, மற்றதில் மெல்லோசை. நாம் எழுதினால் இரண்டும் ‘கின்’! ஜப்பானியத்தின் இரண்டு ஒலியெழுத்து வரிசைகளான ஹிரகானா 46, கடகானா 46 எழுத்துகளை முதல் மாதமே கையால் எழுதிப் பழகுங்கள். குறில், நெடில் நமக்குக் கைவந்தது என்பதால் ‘ஒபசன்’ அத்தை, ‘ஒபாசன்’ பாட்டி என்ற வேறுபாடு உங்களைக் குழப்பாது.

கொரிய எழுத்து அதைவிட எளிது. 1443-இல் செஜோங் மன்னர் உருவாக்கியது. அடிப்படை எழுத்துகள் 24. ஒரு வார விடுமுறையில் வாசிக்கத் தொடங்கிவிடலாம். உச்சரிப்பில்தான் பாடுபட வேண்டும்: நம் ‘க’ போன்ற ஒலிக்கே மூன்று வகை உண்டு.

சேர்த்துத் தொடங்காதீர்கள். இலக்கணம் இவ்வளவு ஒத்திருப்பதாலேயே இரண்டும் கலந்துவிடும். உங்கள் கம்பெனிக்கு எந்த நாட்டு பையர் வருகிறார் என்று பாருங்கள்; அந்த மொழியை ஒன்றரை ஆண்டு பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டுமே சீனத்திலிருந்து எடுத்த சொற்கள் ஏராளம் என்பதால் அடுத்தது தானாக இளகும். ‘வாக்குறுதி’ ஜப்பானியத்தில் யகுசொகு, கொரியத்தில் யக்சொக்.

கேள்வி: ஜப்பானிய மொழித் தேர்வு எழுதினால் பேச வந்துவிடுமா?
– ஒரு வாசகர், கோபி

பதில்: வராதுங்க. ஜேஎல்பிடி என்ற அந்தத் தேர்வில் தொடக்க நிலையான என்5 முதல் உயர்நிலையான என்1 வரை எந்த நிலையிலும் பேச்சுப் பகுதி கிடையாது. சொல்லும் இலக்கணமும் வாசிப்பும் கேட்டலும்தான். ஆனாலும் எழுதுங்கள், தேதி குறித்துவிட்டால்தான் சீனத்திலிருந்து வந்த ‘காஞ்சி’ எழுத்துகள் மனத்தில் ஏறும். ஜப்பான் அரசின் அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் அவை 2136. ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையில் நடக்கிறது. நான் முதல்முறை சேரன் எக்ஸ்பிரஸில் போய் எழுதினேன். பேசுவதற்கு, தினமும் பத்து நிமிடம் அன்று செய்த வேலையை வாய்விட்டு ஜப்பானியத்தில் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்கள் இரண்டு வாரத்தில் பழகிவிடுவார்கள்.