அம்மாவுக்கு இங்கிலிஷ் வராது, வீட்டு மெஷின்கள்ல உள்ள சொல்லுகள எப்பிடிப் பழக்குறது?

நீங்க கட்டார்ல, அம்மா களுவாஞ்சிகுடில தனிய, வாங்கிக் குடுத்த வாஷிங் மெஷின்ல உள்ளத வாசிக்கத் தெரியாம கையாலதான் துவைக்கிறா எண்டு கேட்டிருக்கீங்க. நான் மட்டக்களப்பு கல்லடி ஆள். எங்கட அம்மாவுக்கும் பக்கத்து வீட்டு மாமிக்கும் இதப் பழக்கின ஆள் எண்டதால சொல்றன், சொல்லையும் கருத்தையும் கொப்பில எழுதிக் குடுத்தா மனசில நிக்காது, மெஷின் ஓடக்குள்ள அது செய்யிறதக் காட்டிச் சொன்னாத்தான் நிக்கும், வீடியோ கோல்ல ஃபோன மெஷின் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லி நீங்களும் செய்யலாம். வாஷ் எண்டா உடுப்பு தண்ணிக்குள்ள புரளும், ரின்ஸ் எண்டா புதுத் தண்ணி புடிச்சு சவுக்காரத்த அலசும், ஸ்பின் எண்டா வேகமாச் சுத்திப் புழியும், அந்த இரைச்சலே வேற. மாமி இப்ப குசினிக்குள்ள இருந்தே "மனே, ஸ்பின் வந்துட்டு" எண்டுவா.

மறுகா, கோளாறு வந்தா மெஷின் காட்டுற அந்த ரெண்டெழுத்துகள். எல்ஜி மெஷின் எண்டா தண்ணி ஏறாட்டி ஐஈ காட்டும், தண்ணி வெளிய போகாட்டி ஓஈ, உடுப்பு ஒரு பக்கம் குவிஞ்சா யூஈ, கதவு சரியாப் பூட்டுப்படாட்டி டிஈ. டேங்க் உயரம் காணாத வீட்டிலயும் மண் வாற கிணத்துத் தண்ணி எடுக்கிற வீட்டிலயும் ஐஈ வரப் பாக்கும். பிளக்கக் கழட்டி, பைப்பயும் பூட்டிட்டு, மெஷினுக்குப் பின்னால தண்ணி வாற ஹோஸக் கழட்டினா வாயில சின்ன வலை ஒண்டு இருக்கும், அதப் பழைய பிரஷால தேச்சுக் கழுவிப் போட்டா அநேகமா சரிவரும்.

ரைஸ் குக்கர்ல குக், வார்ம் ரெண்டுதான். தண்ணி இருக்கும் வரைக்கும் சட்டி 100 டிகிரி மட்டில நிக்கும், தண்ணி வத்தி சூடு அதுக்கு மேல ஏறக்குள்ளதான் குக் தானா வார்முக்கு விழும், அதால திரும்ப அமத்த வேணாம் எண்டு சொல்லுங்க, சோறு அடிப்புடிக்கும். ஃபிரிட்ஜ்ல 1, 2, 3 எண்டு போட்ட திருகுச் சுவிட்ச் இருந்தா நம்பர் கூடக் கூட குளிர் கூடும்.

இதெல்லாத்தயும் விட முக்கியம் ட்ரிப் சுவிட்ச்ல உள்ள டெஸ்ட் பட்டன். வீடுகளுக்குப் போடுறது வழமையா 30 மில்லி அம்பியர் கரண்ட் லீக் ஆனாலே விழுந்து கரண்ட வெட்டுற மாதிரிச் செஞ்சது, ஈரக் கையோட மெஷினத் தொடுற அம்மாவக் காப்பாத்துறது அதுதான். மாசத்தில ஒருக்கா அமத்திப் பாக்கச் சொல்லுங்க, டக்கெண்டு விழணும், விழாட்டி அண்டைக்கே எலக்ட்ரீஷனக் கூப்பிடட்டும், அதச் சரிபண்ணின பிறகு மெஷின ஓட்டலாம்.