தாய்ப்பால் பத்தவில்லை என்கிறார்கள், பால் ஊற என்ன சாப்பிடலாம்?

முதல் குழந்தை, ஒன்றரை மாதம் ஆகிறது, பால் பத்தவில்லை, மாமியார் டின் பால் கொடுக்கச் சொல்கிறார், பால் ஊற என்ன சாப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பூண்டு, முருங்கைக்கீரை, வெந்தயக் கஞ்சி என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். பத்தவில்லை என்று முடிவு கட்டியது யார்? எடை பார்த்த டாக்டரா, வீட்டில் இருப்பவர்களா?

வீட்டில் இருப்பவர்கள்தான் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்றரை மாதம் என்பது அந்தப் பேச்சு கிளம்புகிற நேரம். முதல் வாரங்களில் கட்டிக்கொண்டு, ஜாக்கெட்டெல்லாம் நனைத்த மார்பு அப்போது தளர்ந்துவிடும். வற்றிவிட்டது என்று பயப்படுவோம். பிள்ளை குடிக்கிற அளவுக்கு உடம்பு பழகிக்கொண்டது, அவ்வளவுதான். சாயங்காலமானால் பிள்ளை விட்டு விட்டுக் குடித்துக்கொண்டே இருக்கும், அழும். அதுவும் இந்த வயதில் வழக்கம். பம்ப் வைத்துப் பார்த்துக் கொஞ்சம்தான் வந்தது என்று அழாதீர்கள், பம்ப்பில் வருவது பிள்ளை குடிக்கிற அளவைக் காட்டாது.

பார்க்க வேண்டியது ஈரத்துணியும் எடையும். முதல் வாரம் கழிந்த பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் மூத்திரம் போக வேண்டும், வெளிறிய நிறத்தில். டயபர் மாட்டினால் இந்தக் கணக்குத் தப்பிவிடும், பகலிலாவது துணி கட்டுங்கள். எடை பிறந்ததும் கொஞ்சம் இறங்கும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, அப்புறம் முதல் மூன்று மாதம் நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறும். இரண்டும் சரியாக இருந்தால் உங்களுக்குப் பால் இருக்கிறது. யார் என்ன சொன்னாலும் இருக்கிறது.

இவ்வளவு அடித்துச் சொல்கிற எனக்கு நிஜமாகவே பத்தவில்லை. அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

எனக்குத் தூத்துக்குடியில் அம்மா வீட்டில் வைத்துப் பிரசவம். சிசேரியன். சிசேரியன் ஆனவர்களுக்குப் பால் இறங்க ஒன்றிரண்டு நாள் கூடுதலாக ஆகலாம், அதுவரை சொட்டுச் சொட்டாக வரும் சீம்பாலே பிள்ளைக்குப் போதும். இதை எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. பார்க்க வந்தவர்கள் "எப்படி இருக்கே" என்று கேட்பதற்கு முன்னால் "பால் இருக்கா" என்றுதான் கேட்டார்கள். பக்கத்துத் தெருப் பெரியம்மா ஒருவர் ஒருபடி மேலே போய், கேட்காமல் கொள்ளாமல் என் மார்பை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஏட்டி, ஒண்ணுமே இல்லையே, பிள்ளை என்னத்தக் குடிக்கும்?" என்றார். தையல் வலியோடு படுத்திருந்தேன். கையைத் தட்டிவிடத்தான் தோன்றியது, மரியாதைக்காக விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து அப்பா காலையிலேயே மீன் வாங்கப் போய்விடுவார், பால் சுறாவுக்கு. அம்மா மஞ்சள் போட்டு வேகவைத்து, சொரசொரவென்று இருக்கும் தோலை உரித்து, முள் பார்த்து எடுத்துவிட்டு உதிர்ப்பாள். சின்ன வெங்காயமும் பூண்டும் மீனைவிட அதிகமாக விழும், தேங்காய் கிடையாது, பச்சை மிளகாய் கிடையாது, மிளகுத்தூள் மட்டும். அந்தப் புட்டை நான் ஆசையாகத்தான் சாப்பிட்டேன். அதனால் பால் ஊறியதா என்று கேட்டால் தெரியாது. புரதம் நிறைய இருக்கிறது, வயிறு நிறைந்தது, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாள். சுறாவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

சண்டை போட வேண்டிய இடம் தண்ணீர். ஒரு பக்கம் பால் ஊற வேண்டும் என்று சுறா, இன்னொரு பக்கம் தண்ணீர் குடித்தால் வயிறு வைக்கும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று ஒரு சின்ன டம்ளர் வெந்நீர், அதுவும் சாப்பாட்டுக்கு அப்புறம். குடம் குடமாகக் குடித்தால் பால் கூடிவிடாது, உண்மைதான். ஆனால் பால் கொடுக்கும்போது வருகிற தாகம் வேறு மாதிரி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தாகத்துக்குக் குடியுங்கள், பத்தியம் என்று யார் தடுத்தாலும்.

இரண்டு வாரம் தாண்டியும் என் மகள் பிறந்த எடைக்குத் திரும்பவில்லை. துணி நனைவது குறைந்தது, நனைந்தாலும் அடர்மஞ்சள். குழந்தை டாக்டர் எடையைப் பார்த்தார், அப்புறம் என்னிடம் திரும்பி, "உங்களுக்கு தைராய்டு உண்டா?" என்று கேட்டார். உண்டு. கர்ப்பத்தில் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டில் இரும்புச் சத்து, கால்சியம், வலி மாத்திரை எல்லாம் இருந்தன, தைராய்டு மாத்திரை மட்டும் விட்டுப்போயிருந்தது. ரத்தத்தில் டிஎஸ்ஹெச் பார்த்தால், தைராய்டு குறையும்போது ஏறுகிற அளவு அது, எகிறிக்கிடந்தது. தைராய்டு குறைந்தால் பாலும் குறையலாம். ஊரே பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது பிரச்சினை ஒரு சின்ன மாத்திரையில் இருந்திருக்கிறது. நஞ்சுக்கொடியில் துண்டு உள்ளே தங்கினாலும், பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனாலும், பிசிஓடி என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தாலும், பிள்ளையின் நாக்குக்குக் கீழே சவ்வு இழுத்துப் பிடித்திருந்தாலும் இப்படி ஆகலாம். இதில் எதையும் கீரையால் சரிசெய்ய முடியாது.

மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். கூடவே அங்கிருந்த நர்ஸ் அக்கா ஒருவர் பிள்ளையைப் பிடிக்கும் விதத்தை மாற்றிவிட்டார். காம்பை மட்டும் கவ்வினால் வலிதான் மிச்சம், கறுப்பு வட்டமும் சேர்ந்து வாய்க்குள் போக வேண்டும், பிள்ளையின் தாடை மார்பில் அழுந்த வேண்டும், மூக்கு விலகி இருக்க வேண்டும். சரியாகப் பிடித்துவிட்டால் விழுங்கும் சத்தமே கேட்கும். மார்பில் பால் தேங்கத் தேங்கச் சுரப்பது குறையும், காலியாகக் காலியாக ஊறும், அதனால் பகலும் ராத்திரியுமாக எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை கொடுக்கச் சொன்னார். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் ராத்திரியில்தான் கூடுதல், எனவே "நீ தூங்கு, ராத்திரி நான் டின் பால் கொடுத்துக்கிறேன்" என்று அன்பாகச் சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

எடை ஏறும்வரை பவுடர் பாலும் கொடுத்தோம். முதலில் மார்பு, அதற்குப் பிறகு சங்கில். பாட்டில் வேண்டாம் என்றார் டாக்டர், சுலபமாக வரும் பாட்டிலுக்குப் பழகினால் சில பிள்ளைகள் மார்பில் மெனக்கெடாது. நான் குடித்த அதே வெள்ளிச் சங்கை அம்மா பரணிலிருந்து இறக்கி, கொதிக்க வைத்து எடுத்து வைத்திருந்தாள். அதன் மூக்கைக் கீழுதட்டில் வைத்தால் போதும், மகள் தானே நாக்கை நீட்டி எடுப்பாள். நாம் ஊற்றினால் புரையேறிவிடும்.

எடை ஏறியது. பாலும் கூடியது, ஆனால் முழுசாகக் கூடவில்லை. சாயங்காலம் ஒரு வேளை பவுடர் பால், சோறு ஊட்டும்வரை நிற்கவே இல்லை. "ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான்" என்று பாடம் எடுக்க வருபவர்களுக்கு: எனக்கும் தெரியும், பத்துகிறவர்களுக்கு அதுதான் சரி. என் மகளுக்கு அந்த ஒரு வேளை தேவைப்பட்டது. "எங்க காலத்துல இதெல்லாம் ஏது" என்பவர்களுக்கு: உங்கள் காலத்தில் பத்தாத பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுக்காரி பால் கொடுத்தாள், இல்லையென்றால் பிள்ளை மெலிந்தது. பவுடர் கொடுக்க வேண்டி வந்தால் டின்னில் போட்டிருக்கும் அளவிலேயே கலக்குங்கள், டின் சீக்கிரம் தீருகிறது என்று நீர்க்கக் கலக்காதீர்கள். ஒரு வயதுக்கு முன்னால் பால் பவுடருக்குப் பதிலாகப் பசும்பால் வேண்டாம். இன்ன கம்பெனி டின் என்று ஆஸ்பத்திரியிலேயே கையில் திணித்தால் வாங்காதீர்கள், இலவச மாதிரி கொடுப்பதை 1992லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2015இல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை திறந்தார்கள். நல்ல திட்டம். மகளோடு ஊர் திரும்பும்போது ஒரு பேருந்து நிலையத்தில் அந்த அறையைத் தேடிப்பிடித்தால் பூட்டு. சாவி டைம்கீப்பரிடம் என்றார்கள், அவர் டீ குடிக்கப் போயிருந்தார். வந்து திறந்தால் உள்ளே துடைப்பம், வாளி, உடைந்த நாற்காலி. "யாரும் வர்றதில்லைம்மா, அதான்" என்றார். பூட்டி வைத்தால் யார் வருவார்கள்? கடைசியில் பஸ்ஸிலேயே, ஜன்னலோரம் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு கொடுத்தேன். பால் பத்தவில்லை என்று சொல்லத்தான் இந்த ஊரில் எல்லோருக்கும் நேரம் இருக்கிறது, கொடுக்க ஒரு இடம் விடுவதற்கு இல்லை.

சரி, உங்கள் விஷயம். நான் டாக்டர் இல்லை. நாளைக்கே பிள்ளையை எடை போடுங்கள், போன தடவைப் போட்ட எடை தடுப்பூசி அட்டையில் இருக்கும். எடை ஏறியிருந்தால் அந்த அட்டையை உங்கள் அத்தையிடம் காட்டிவிட்டு நிம்மதியாகப் பால் கொடுங்கள். ஏறவில்லை என்றால் பிள்ளை பால் குடிப்பதை நேரில் பார்க்கச் சொல்லிக் குழந்தை டாக்டரிடம் கேளுங்கள், உங்களுக்கு டிஎஸ்ஹெச்சும் எடுங்கள். வாந்திக்குக் கொடுக்கிற ஒரு மாத்திரையைப் பால் ஊறுவதற்கும் எழுதுகிறார்கள். அது சிலருக்கு இதயத் துடிப்பைப் பாதிக்கும், யாரோ சொன்னார்கள் என்று மெடிக்கலில் நேரடியாகக் கேட்டு வாங்க வேண்டாம். பூண்டுக் குழம்பு பிடிக்கும் என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள்.