பாட்டு வகுப்பும் மதிப்பெண்ணும்

அன்புள்ள ஐயா,

நான் தேனி மாவட்டத்தில் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியின் ஆசிரியை. எங்கள் பள்ளியில் ஆண்டு விழா நெருங்கும்போதுதான் பாட்டு நினைவுக்கு வருகிறது. அப்போதும் குரல் நன்றாக உள்ள நான்கைந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றவர்களைக் கைதட்ட உட்காரவைக்கிறோம். இசையையும் தேர்வுக்குரிய பாடமாக்கினால்தான் அதற்கு மரியாதை வரும் என்று உடன் பணியாற்றுபவர்கள் சொல்கிறார்கள். பள்ளியில் இசை கற்பித்தவர், பாடல்களுக்கு மெட்டமைப்பவர் என்ற முறையில் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இசை ஆசிரியரே இல்லாத பள்ளியில் என்னைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும்?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் தோழர்களின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் சொல்லும் வழியை என்னால் ஏற்க முடியவில்லை. இசையைத் தேர்வுக்குரிய பாடமாக்கினால் முதலில் வந்து சேர்வது வினாத்தாள்தான். மேளகர்த்தா எனப்படும் தாய் ராகங்கள் 72 என்பதையும் ஏழு தாளங்களின் பெயர்களையும் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் பெறும் ஒரு சிறுமி, தன் பாட்டி பாடிய தாலாட்டின் முதல் வரியைச் சுருதி விலகாமல் பாடத் தெரியாதவளாகவே பள்ளியை விட்டுப் போவாள். பள்ளிக்கு வேண்டியது கால அட்டவணையில் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுக்கப்படாத ஒரு நேரம். அந்த நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் பாட வேண்டும்.

இதை ஒரு நாட்டின் கல்விக்குள் கொண்டுசெல்லப் பாடுபட்டவர் ஹங்கேரியின் இசையமைப்பாளர் ஸோல்தான் கோடாய் (1882–1967). 1905 முதல் கிராமங்களுக்குச் சென்று நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டியவர், 1907 முதல் புடாபெஸ்ட் இசைக் கல்லூரியில் ஆசிரியர். பேரிசைக் குழுக்களுக்கு எழுதிப் புகழ்பெற்றபின் அவர் தம் உழைப்பின் பெரும்பகுதியைக் குழந்தைகளுக்கான பாடல்களுக்கும் பயிற்சிகளுக்கும் கொடுத்தார். மழலையர் பள்ளியில் இசை எப்படி இருக்க வேண்டும் என்று 1941இல் தனியாகவே எழுதினார். அவர் பிறந்த கெச்கெமேட் நகரில் 1950இல் தொடங்கிய தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் நாள்தோறும் பாடினார்கள். அவ்வகைப் பள்ளிகள் பின்னர் அந்நாட்டில் நூற்றுக்கு மேல் பெருகின என்றாலும், சாதாரணப் பள்ளிகளுக்கு அவ்வளவு நேரம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கோடாயிடம் என்னை மிகவும் ஈர்ப்பது அவர் மொழியின் மேல் வைத்த கவனம். ஹங்கேரிய மொழியில் சொல்லின் முதல் அசையில்தான் அழுத்தம் விழும். ஜெர்மானிய மெட்டுகளோ பெரும்பாலும் தாளத்தின் முதல் அடிக்கு முன்பே, அழுத்தமில்லாத அசையில் தொடங்குபவை. அம்மெட்டுகளில் தாய்மொழியை வைத்துப் பாடும் குழந்தை தன் மொழியையே சிதைத்துப் பாடப் பழகுகிறது. நம் பிள்ளைகளுக்கு மெட்டமைக்கும்போது இதே சிக்கல் குறில் நெடிலில் வருகிறது. தாளத்துக்காக நெடிலைக் குறுக்கியும் குறிலை இழுத்தும் பாடவைத்தால், காலையில் தமிழ் வகுப்பில் கற்ற மாத்திரையை மாலையில் பாட்டு அழித்துவிடும். ஆகவே நான் சொல்லைப் பலமுறை இயல்பாகச் சொல்லிப் பார்த்து, அது தானாகக் காட்டும் நடையிலிருந்தே மெட்டைத் தொடங்குகிறேன்.

அடுத்தது சுரம். நம் கர்நாடக இசை மரபில் முதல் பாடம் சரளி வரிசை, அதாவது சுரங்களை ஏற்ற இறக்கமாக வரிசையாகப் பாடும் பயிற்சி. அது மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்தது. குருவின் எதிரே ஒருவரோ இருவரோ அமர்ந்து கற்கையில் அதன் சிறப்பு பெரியது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ச, ப ஆகிய சுரங்களை ஒட்டியே மேலே வரும் அதன் சுத்த ரிஷபமும் (ரி) சுத்த தைவதமும் (த) நிலைநிற்பது மிகக் கடினம். ஆறு வயதுக் குரல்கள் கூட்டமாகப் பாடும்போது ரிஷபம் மெல்ல மேலேறிவிடுகிறது, திருத்தத் திருத்தப் பிள்ளைகள் அஞ்சிக் குரலைத் தணிக்கிறார்கள். கோடாயின் வழியில் முதலில் வருவது அரைச்சுர இடைவெளியே, அதாவது அப்படி ஒட்டிவரும் மிகச் சிறிய இடைவெளியே, இல்லாத ஐந்து சுரங்கள். அவை நம் மோகன ராகத்தின் சுரங்களேதான். அதிலும் தொடக்கம் இரண்டு சுரங்களில், நம் கணக்கில் பஞ்சமத்திலிருந்து (ப) அந்தர காந்தாரத்துக்கு (க) இறங்குவது. அங்கும் சுரப்பெயர்கள், ச என்னும் நம் ஷட்ஜத்தைப் போலவே, எந்தச் சுருதியிலும் வைத்துப் பாடக்கூடியவை. ஆகவே அந்த முறையை இங்கே பின்பற்ற நாம் எதையும் வளைக்க வேண்டியதில்லை. மரபை மாற்றுவதா என்று சில வித்வான்கள் வருந்துவார்கள். மோகனத்தில் காது நிலைத்த பிள்ளை பிறகு சரளி வரிசைக்கு வரும்போது அதை இன்னும் நன்றாகவே பாடும் என்பது வகுப்பறையில் நான் கண்டது.

குரல் இல்லை என்று ஒதுக்கப்படும் பிள்ளைகளைப் பற்றிய வரியைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. பெரும்பாலும் குறை சுருதியில்தான் இருக்கிறது. பெரியவர்கள், குறிப்பாக ஆண்கள், தமக்கு வசதியான தாழ்ந்த சுருதியில் பாடிக்காட்டுகிறார்கள். பிள்ளைகளால் அங்கே முனகத்தான் முடியும். சுருதியை உயர்த்தினால் அவர்களுள் பலருடைய குரல் தெளிந்துவிடும்.

நம் அமைப்பின் பெருங்குறை, இசை ஆசிரியர் வருவதே காலம் கடந்துதான் என்பது. தமிழக அரசு 2012இல் நியமித்த பகுதிநேர ஆசிரியர்களுள் இசை கற்பிப்பவர்களும் உண்டு. அவர்கள் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்காக, வாரத்தில் மூன்று அரைநாட்கள் என்ற ஏற்பாட்டில் வந்தவர்கள். காது மிக எளிதில் பழகும் வயதில் பிள்ளைகள் உங்களிடம்தான் இருக்கிறார்கள். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதல் மூன்று வகுப்புகளுக்குப் பாடல்கள் நிறையவே உள்ளன. ஆனால் அவை எழுத்தையும் எண்ணையும் கொண்டுசேர்க்க வந்தவை என்பதால், பாடல் சுருதியோடு ஒலிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கைபேசியில் பாட்டை ஒலிக்கவிட்டுப் பிள்ளைகளைக் கத்தவிடுவதைப் பாடுவதாகக் கணக்கில் கொள்ள வேண்டாம்.

நீங்கள் நாளைக்கே தொடங்கலாம். காலையில் பதினைந்து நிமிடம் போதும். கைபேசியின் சுருதிப்பெட்டி செயலியைச் சற்று உயர்ந்த சுருதியில் வையுங்கள். வருகைப் பதிவின்போது ஒவ்வொரு பெயரையும் பஞ்சமம், காந்தாரம் என்ற இரண்டு சுரங்களில் பாடி அழையுங்கள். பிள்ளையும் அதே சுரங்களில் பதில் பாடட்டும். நாற்பது பேரும் தனியாகப் பாடிவிடுவார்கள், யாருக்கும் அது தேர்வாகத் தோன்றாது. பிறகு உங்கள் ஊர்ப் பிள்ளைகள் தெருவில் பாடும் விளையாட்டுப் பாட்டு ஒன்றை எல்லோரும் மெதுவாக, மென்மையாகப் பாடட்டும். அது பழகியதும் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி ஷட்ஜத்தைப் பிடித்திருக்க மறுபாதி பாட்டைப் பாடச் செய்யுங்கள். பிறர் குரலைக் கேட்டுக்கொண்டே தன் குரலைச் சுருதியில் நிலைநிறுத்தும் பழக்கம் அங்கேதான் வரும். சுரப்பெயர்களைப் பாட்டு வாயில் நன்கு படிந்தபின் சொன்னால் போதும். ஆண்டு முடிவில் பதிவு ஏதாவது வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டால், ஒவ்வொரு பிள்ளையும் எந்தெந்தப் பாடலைத் தனியாகப் பாடியது என்று குறித்துக் கொடுங்கள். மதிப்பெண் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.