கண்ணாடி அலுமாரி விமானங்கள்: கேள்வி-பதில்

கே: வீட்டில் ஒரு பழைய விமான மொடல் உண்டு. என்ன விலை போகும்? (சுன்னாகம்)

ப: படமில்லை, அளவில்லை, மரமா அலுமினியமா என்றுகூட இல்லை. குறிப்பை அனுப்பாமல் பொருத்தம் கேட்டால் எந்தச் சாத்திரி சொல்வார்? அடியில் தயாரிப்பாளரின் சீட்டு இருந்தால் அதையும் படம் பிடித்து அனுப்புங்கள். அதுவரை பித்தளை பொலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

கே: டகோட்டா டிசி-3. இறக்கை முனைக்கு முனை 58 சென்ரிமீற்றர். என்ன ஸ்கேல்? (மானிப்பாய்)

ப: அசல் விமானம் 29 மீற்றர். ஆகவே 1:50. அளந்து எழுதியதற்கு நன்றி.

கே: பழைய பிளாஸ்ரிக் மொடல் ஒன்று வினாகிரி மணக்கிறது, இறக்கையும் கோணுகிறது.

ப: செலுலோஸ் அசிற்றேற். தானே சிதைந்து அமிலம் கக்குகிறது. நிறுத்த முடியாது, வேகத்தைக் குறைக்கலாம். மற்றவற்றோடு வைக்காமல், காற்றோட்டமான குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். ஓட்டுக்குக் கீழே பரணில் போட்டால் கதை முடிந்தது.

கே: அம்மப்பாவின் ரிக்கெற் ஏஜென்சியில் இருந்த எயர் சிலோன் டகோட்டா. பெயின்ற் உரிகிறது, எழுத்தும் பாதி போய்விட்டது. கராஜில் கொடுத்து ஸ்பிறே அடிக்கலாமா? (பருத்தித்துறை)

ப: வேண்டாம், வேண்டாம். எத்தனை தரம் எழுதிவிட்டேன்! எயர் சிலோனின் முதல் சேவை, 1947 டிசம்பர் 10, இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் போனது டகோட்டாவில்தான். விமானத்தின் பெயர் 'சீதாதேவி'. வழியில் இறங்கிய காங்கேசன்துறை விமான நிலையம் என்பது நம் பலாலி. 1979இல் எயர் சிலோனின் இடத்துக்கு எயர் லங்கா வந்துவிட்டது. பழைய எழுத்தை அதே கையால் எழுதித்தர இனி ஆளில்லை. வாங்குபவர் காசு கொடுப்பது அந்த அரைகுறை எழுத்துக்குத்தான்.

இளவயதில் நானும் இதே வேலை பார்த்தவன். கார் பெயின்ற் அடிப்பவர் பழைய பூச்சை வழித்துவிட்டு, புதுக் குளிர்சாதனப் பெட்டி மாதிரி வெள்ளை வெளேரென்று தந்தார். எனக்குப் பரம சந்தோசம். அப்புறம் ஒருநாள் ஸ்ராண்டைக் கழற்றினேன். ஆணி நின்ற இடத்தைச் சுற்றி ஒரு ரூபாக் குத்தியளவு பழைய பூச்சு, அவ்வளவுதான் மிச்சம். உரியும் ஓரத்தை நோண்டாமல், வெயில் படாத கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள்.

கே: 1952 கொமெற் ஜெற் விமான மொடல் என்று விற்கிறார்கள். ஜன்னல்கள் வட்டமாக உள்ளன.

ப: அந்த வருடத்துக் கொமெற்றுக்கு மூலை மழுங்கிய சதுர ஜன்னல். 1954 விபத்துகளுக்குப் பிறகே வடிவம் மாறியது. உங்களுடையது 1958இல் சேவைக்கு வந்த கொமெற் 4 ஆக இருக்கலாம். அந்த விலையே பேசுங்கள்.

கே: தூசு எதனால் துடைப்பது?

ப: மென்மையான தூரிகை. பித்தளை பொலிஷ் வேண்டாம் என்று சொன்னேனா?