காலையில் மட்டும் முரண்டு பிடிக்கும் கார்

கேள்வி: என் டீசல் காரில் காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் முக்கி முக்கிச் சுற்றி, அப்புறம்தான் இன்ஜின் பிடிக்கிறது. மதியம் தொல்லையில்லை. புது பேட்டரி போடலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. பானெட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலைப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால், நெகட்டிவை முதலில் கழற்றி, வெந்நீரில் தேய்த்துத் துடைத்து இறுக்கச் சொல்லுங்கள். பாடியில் போல்ட் போட்ட எர்த் ஒயரையும் சேர்த்துத்தான்; அதைப் பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இரவெல்லாம் நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் சார்ஜ் முழுசாக இருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். முழு சார்ஜிலும் ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே விழுகிறதா? சரி, மாற்றிவிடுங்கள். மோட்டார் விறுவிறுவென்று சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால் ஸ்டார்ட் ஆகும் முன் டீசல் இன்ஜினை உள்ளே சூடாக்கும் குளோ பிளக்கைச் சோதியுங்கள். டாஷ்போர்டில் அதற்கான சுருள் வடிவ விளக்கு அணையும்வரை பொறுத்துத்தானே ஸ்டார்ட் செய்கிறீர்கள்?