‘இந்த வீட்டை விற்கக்கூடாது’ என்று உயிலில் எழுதலாமா? – கேள்வி பதில்

உயில், செட்டில்மெண்ட் (உயிருடன் இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுப்பது), கட்டளை (கோயிலுக்கோ அறத்துக்கோ சொத்தை எழுதி வைப்பது) ஆகியவை குறித்து வந்த கேள்விகளுக்கு, தஞ்சை வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிவில் வழக்கு நடத்தியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். வருமான வரி என் துறை அல்ல. அதைக் கேட்டவர்கள் ஆடிட்டரை அணுகவும்.

கும்பகோணம் வாசகர்: தாத்தா கட்டிய வீட்டைப் பேரப்பிள்ளைகள் காலத்திலும் விற்கக்கூடாது என்று எழுத விரும்புகிறேன். செல்லுமா?

செல்லாது. ‘சர்வ சுதந்திர பாத்தியத்துடன் அடைய வேண்டியது’, அதாவது முழு உரிமையுடன், என்று ஒரு வரியில் கொடுத்துவிட்டு, அடுத்த வரியில் விற்காதே என்றால், சட்டம் முதல் வரியை ஏற்று இரண்டாவதைத் தள்ளிவிடும். மனைவிக்கு ஆயுள் பரியந்தம் அனுபவ பாத்தியம், அவருக்குப் பிறகு பிள்ளைகளுக்கு முழு உரிமை என்று எழுதலாம். இன்னும் பிறக்காத தலைமுறைகளையெல்லாம் கட்டிப்போட முடியாது. அதற்கு முன், தாத்தாவின் வீட்டில் உங்கள் பாகத்தை மட்டுமே நீங்கள் எழுத முடியும் என்பதை மறக்க வேண்டாம். உடன்பிறந்தவர்கள் தங்கள் பாகத்தை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தந்திருக்கிறார்களா?

மன்னார்குடி வாசகர்: உயிலைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டுமா?

வேண்டியதில்லை. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அது உங்கள் விருப்பம். முத்திரைத் தீர்வையும் கிடையாது. ஆனால் பதிவு செய்த உயிலானாலும், அது நீதிமன்றத்துக்கு வந்தால், கையெழுத்திட்ட இரு சாட்சிகளில் உயிருடன் இருக்கும் ஒருவராவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். ஆகவே உங்களைவிட இருபது வயது இளையவராக, சொத்தில் பங்கு பெறாதவராகச் சாட்சியைத் தேடுங்கள். எழுபது வயதுக்காரர் தம் வயதுடைய நண்பர்கள் இருவரை நிறுத்திவிட்டு, மூவரும் போய்ச் சேர்ந்த பிறகு கையெழுத்தை நிரூபிக்கப் பிள்ளைகள் திண்டாடுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

திருவையாறு வாசகர்: தை அமாவாசை அன்னதானம் என் காலத்துக்குப் பிறகும் நடக்க வேண்டும். மூத்த மகனுக்கு ஒரு ஏக்கர் நஞ்சை கூடுதலாக எழுதினால் செய்துவிடுவான் அல்லவா?

செய்யலாம், அவருடைய மகன் செய்வாரா? நிலத்தை மகனுக்குக் கொடுத்துவிட்டு அன்னதானத்தை வேண்டுகோளாக வைத்தால், அது வேண்டுகோளாகவே நின்றுவிடும். எந்த சர்வே எண் நிலத்தின் வருமானம், எந்த நாளில், எந்தக் கோயில் வாசலில், யார் பொறுப்பில், அவர் தவறினால் யார் கேட்பது என்று நிலத்தின் மேலேயே பாரமாக ஏற்றி எழுத வேண்டும். வாரிசுகளுக்கு என்றென்றைக்கும் கட்டி வைக்க முடியாத சொத்தை அறத்துக்கு மட்டும் அப்படி வைக்கச் சட்டம் இடம் தருகிறது.

இன்னொன்று: தொகையை ரூபாயில் எழுதாதீர்கள். வருடம் பன்னிரண்டு ரூபாய் என்று எழுதப்பட்ட ஒரு பழைய கட்டளைப் பத்திரம் என் கைக்கு வந்தது. எழுதிய காலத்தில் அது ஊர்ச் சாப்பாடு. இன்று சுவாமிக்கு ஒரு மாலை வாங்கவும் போதாது. குத்தகை வருமானத்தில் பாதி என்றோ இத்தனை மூட்டை நெல் என்றோ எழுதுங்கள். பொறுப்பாளரைத் தேர்வதிலும் இதே கவனம் வேண்டும். 1794-இல் காலமான பச்சையப்ப முதலியார் தம் செல்வத்தை அறங்களுக்கே எழுதி வைத்தார். அந்தப் பணம் பிறர் கைகளில் சிக்கி வழக்காகி, நீதிமன்றம் தலையிட்டுத் திட்டம் வகுத்த பிறகுதான், 1842-இல் சென்னையில் அவர் பெயரில் பள்ளி திறக்கப்பட்டது.

பட்டுக்கோட்டை வாசகர்: மகளுக்கு 80 சவரன் போட்டுத் திருமணம் செய்தோம். சொத்தை மகன்களுக்கு மட்டும் எழுதுவது நியாயம்தானே?

நீங்களே சம்பாதித்த சொத்தானால் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பூர்வீகச் சொத்தானால் மகளின் பாகம் நீங்கள் கொடுப்பதன்று, பிறப்பால் வந்தது. தமிழ்நாட்டில் 1989-லேயே மணமாகாத மகள்களுக்கு இது கிடைத்தது. 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு வந்த மத்தியத் திருத்தம் மணமானவர்களுக்கும் தந்தது. அப்போது தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

அதே வாசகர் மீண்டும்: சீர் என்பது பங்கு இல்லையா? உங்களைப் போன்றவர்கள்தாம் குடும்பத்தைப் பிரிக்கிறீர்கள்.

இடையில் ஒரு சகோதரி: எனக்குப் போட்ட நகையை என் மாமனார் வீட்டுக் கடனுக்கு விற்றுவிட்டார்கள். அது எனக்குக் கொடுத்த பங்கா?

இந்தச் சகோதரியின் கேள்வியைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். ‘என் மகளுக்குத் திருமணத்தின்போது தகுந்த சீர்வரிசை செய்துவிட்டபடியால்’ என்ற வரியைப் பத்திர எழுத்தர்கள் பழக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்காகவே மகள்கள் வழக்குத் தொடுத்ததை அறிவேன். பணத்தைவிட ‘தகுந்த’ என்ற சொல் அவர்களைச் சுட்டது. நீங்களே சம்பாதித்த சொத்தில் மகளுக்குக் குறைத்துத் தருவதென முடிவெடுத்தால், நீங்கள் உயிருடன் இருக்கும்போதே மகளை எதிரில் உட்கார வைத்துக் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்ல வாய் கூசினால், கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். மகன்களின் பொறியியல் படிப்புக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் செலவிட்டதை யாரும் சீர் என்று எழுதுவதில்லை. இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். மேலும் பதினொரு பேர் எழுதியிருக்கிறீர்கள், பதில் இதுவே.

நாகப்பட்டினம் வாசகர்: இஸ்லாமியர் உயில் எழுதலாமா?

எழுதலாம், மற்ற வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது. மேற்கொண்டு உங்கள் ஜமாஅத்தையும் அத்துறை வழக்கறிஞரையும் கேளுங்கள்.

திருச்சி வாசகர்: வங்கிக் கணக்கில் மனைவி நாமினி. உயில் தேவையில்லைதானே?

தேவை. நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர், உரிமையாளர் ஆகிவிடமாட்டார்.

ஒரத்தநாடு வாசகர்: உயிலைவிட மகனுக்கு இப்போதே செட்டில்மெண்ட் செய்துவிட்டால் சண்டை வராதல்லவா?

உயிலை நினைத்தபோது மாற்றலாம். செட்டில்மெண்டை மாற்ற முடியாது. எழுதியே தீருவேன் என்றால், ‘எங்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனை பத்திரத்துக்குள்ளேயே இருக்கட்டும். 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம், 23-ஆவது பிரிவின்படி, மகன் கைவிட்டால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்ய அந்த வரிதான் கைகொடுக்கும்.

பாபநாசம் வாசகர்: உயிலைப் பதிவு செய்தால்தான் செல்லுமா?

மன்னார்குடிக்காரருக்குச் சொன்னதைப் படிக்கவும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்: சொத்து பெரிதாக இல்லை. பிள்ளைகள் எப்படி வாழ வேண்டும் என்பதை உயிலில் எழுத ஆசை.

அம்மா, அதை உயிலில் எழுதாமல் தனிக் கடிதமாக எழுதுங்கள். உயிலில் அதிகாரியும் நீதிபதியும் செயல்படுத்தக்கூடியவை மட்டும் இருக்க வேண்டும். என் கட்சிக்காரர் ஒருவர் நாற்பது பக்க நோட்டு விட்டுச் சென்றார். 1977 புயலுக்குப் பின் விதைநெல் கடன் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்னும் திருப்பித் தரவில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. பிள்ளைகள் அந்த வீட்டைத் தேடிப் போய், அவருடைய பேரனிடம் இரண்டு மூட்டை நெல்லை இறக்கிவிட்டு வந்தார்கள். அதைச் செய் என்று எந்த நீதிமன்றமும் ஆணையிட்டிருக்காது. ஒன்று மட்டும்: கடிதத்தில் யாரையும் திட்டி எழுதாதீர்கள், வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் தாக்கல் செய்யும்.

பதிவைப் பற்றி மூன்றாவதாகவும் ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, மேலே பாருங்கள். சாட்சியின் வயதும் அங்கேதான் இருக்கிறது.